கொடைக்கானல் வெள்ளை லில்லியும் செங்காந்தளும்: ஒரே வீட்டுப் பிள்ளைகளா, தூரத்து உறவா?

மஞ்சளாற்றங்கரை எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் புல்சரிவிலும் பாறை இடுக்கிலும் ஆவணி, புரட்டாசியில் நீளக் குழல்போல ஒரு வெள்ளைப் பூ பூக்கிறதே, அதை இங்கே சிலர் "வெண்காந்தள்" என்கிறார்கள். கீழே ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தலில் ஏற்றும் செங்காந்தளுக்கு அது வெள்ளை நிறத் தம்பி என்று ஒரு விளக்கமும் வருகிறது. மூன்று கேள்வி:
ஒன்று, இரண்டும் உண்மையிலேயே உறவா?
இரண்டு, வெள்ளையைக் கீழே இறக்கி, சிவப்பை மேலே ஏற்றி வளர்க்க முடியுமா?
மூன்று, இரண்டையும் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்க முடியுமா?

சோலைப்பூ எழுதியது:
முதல் கேள்விக்குப் பதில்: உறவுதான், ஆனால் பந்தி வைத்துக் கூப்பிடும் அளவுக்கு நெருக்கம் இல்லை.

வெள்ளை லில்லியின் பெயர் லிலியம் நீல்கெரென்ஸ். நீலகிரியின் பெயரையே சுமக்கும் செடி, ராபர்ட் வைட் பெயரிட்டது. நீலகிரி, பழனி, ஆனைமலை என்று தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் அதன் வீடு. உலகத்தில் இயற்கையாக வளரும் லிலியம் இனங்களில் தென்கோடியில் இருப்பது இதுதான். செங்காந்தள் குளோரியோசா சுபெர்பா. அது ஆப்பிரிக்காவிலும் உண்டு, ஆசியாவிலும் உண்டு, வேலியோரம், முட்புதர், மலையடிவாரம் எல்லாம் அதன் இடம். நம் மாநில மலர், ஜிம்பாப்வேக்குத் தேசிய மலர்.

இரண்டும் லிலியேல்ஸ் என்ற வரிசைக்குள் வருகின்றன. அதற்குக் கீழே பிரிந்துவிடுகின்றன. வெள்ளை லில்லி லிலியேசி குடும்பம், செங்காந்தள் கோல்சிகேசி குடும்பம். ஒரே ஊர், வேறு வேறு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூலனூர்_பந்தல் எழுதியது:
அக்கா, இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. எங்களிடம் இருக்கும் பழைய தாவரப் பட்டியல்களில் கண்வலிக்கிழங்கை, அதாவது செங்காந்தளை, லிலியேசி என்றுதான் போட்டிருக்கிறது. வாங்க வரும் கம்பெனிக்காரர்கள் தாளிலும் அப்படியே. ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், மூன்று அறைக் காய், மண்ணுக்குள் கிழங்கு. இதைவிட என்ன வேண்டும்?

சோலைப்பூ எழுதியது:
தம்பி சொல்வது பழைய கணக்குப்படி சரி. பெந்தாம், ஹூக்கர் வகைப்பாட்டில் ஆறு இதழும் மேல்மட்டச் சூல்பையும் இருந்தால் பெரும்பாலும் லிலியேசி என்ற ஒரே கூடைக்குள் போட்டுவிடுவார்கள். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பும் அதையே பின்பற்றியது. நம் ஊர்க் கல்லூரி உலர்தாவரப் பெட்டிகள் இன்றும் அந்த வரிசையில் அடுக்கியிருப்பதால் பெயர்ச்சீட்டில் அப்படியே நிற்கிறது. 1998இல் வந்த ஏபிஜி வகைப்பாடு, அதாவது பூக்கும் தாவரங்களுக்கான ஆய்வுக் குழுவின் வகைப்பாடு, மரபணுவை வைத்துப் பிரித்தபோது அந்தக் கூடை கலைந்துபோனது.

நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அந்தக் கூடை முழுவதற்கும் பொது. அதனால் உறவின் நெருக்கத்தை அவை காட்டாது. ஒரு கணக்குச் சொல்கிறேன். சோலை ஓரத்தில் வேட்டியைக் கிழிக்கும் முள்கொடி ஸ்மைலாக்ஸ் தெரியுமில்லையா? அகல இலை, பச்சைப் பூ, பார்த்தால் லில்லியோடு எந்த ஒட்டும் தெரியாது. ஆனால் மரபணு மரத்தில் வெள்ளை லில்லிக்குச் செங்காந்தளைவிட அந்த முள்கொடிதான் கிட்டத்துச் சொந்தம். செங்காந்தளின் சொந்தக்காரன் வேண்டுமென்றால் சோலைக்குள் குனிந்து பாருங்கள். டிஸ்போரம் லெஷ்னால்டியானம் என்ற சிறுசெடி, வெளிறிய பூ தலைகவிழ்ந்து தொங்கும், பிறகு கருநிறப் பழம் வைக்கும். அது கோல்சிகேசி.

இன்னொன்று. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கொடைக்கானல் மலைப்பூண்டு. லில்லியைப் போலவே குமிழ்தான் வைக்கிறது. ஆனால் அது அஸ்பராகேல்ஸ் வரிசை. ஆக, மண்ணுக்குள் குமிழ் வைக்கும் பூண்டைவிட, குமிழே இல்லாத செங்காந்தள் லில்லிக்குக் கிட்டத்தில் நிற்கிறது. கிழங்கைப் பார்த்து உறவு சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் மலையில் இல்லை.

சங்கத்தேன் எழுதியது:
பெயர் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலில் வருவது செங்காந்தள்தான். "கோடல்" என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் வெண்காந்தள் என்று பொருள் எழுதியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மேல்மலை லில்லியின் தலையில் அந்தப் பெயரைச் சூட்டுவது இந்தக் காலத்து ஆசை. கோடல் மழைக்கால முல்லை நிலத்துப் பூவாகத்தான் பெரும்பாலும் வருகிறது. 2,000 மீட்டர் உயரத்துப் புல்வெளிப் பூவுக்கு அது பொருந்தவில்லை. பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காக உறவு பேசி முடித்துவிட வேண்டாம்.

புதுச்செடி எழுதியது:
சோலைப்பூ மேடம், பூவைக் கையில் வைத்துக்கொண்டு பிரித்துப் பார்க்க வழி சொல்லுங்களேன். பள்ளியில் செய்முறைக்கு உதவும்.

சோலைப்பூ எழுதியது:
காட்டுப் பூவைப் பறிக்க வேண்டாம். கடையில் வாங்கும் வெள்ளை லில்லி ஒன்றும், தோட்டத்துச் செங்காந்தள் ஒன்றும் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிளேடு, ஒரு கைக்கண்ணாடி வில்லை.

முதலில் சூல்பை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் இதழ் கிளம்பும் இடத்துக்கு மேலே, பூவுக்குள்ளேயே பச்சையாக நிற்கும். இதழுக்குக் கீழே புடைத்திருந்தால் அது அமரிலிஸ் கூட்டம், கடையில் லில்லி என்று சொல்லி விற்றாலும் லில்லி இல்லை. இந்த ஒரு சோதனையில் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து சூல்தண்டு. லில்லியில் சூல்பையின் தலையிலிருந்து நேராகக் கிளம்பி, குழலின் வாய் வரை ஓடி, முனையில் மூன்று மடிப்புள்ள குமிழாக முடியும், தொட்டால் பிசுபிசுக்கும். செங்காந்தளில் நடப்பதே வேறு. சூல்தண்டு கிளம்பிய இடத்திலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும், நுனி மூன்றாகப் பிளந்திருக்கும். மடங்கிய இடத்தை வில்லையில் பாருங்கள். ஒடிந்துபோனது என்று முதலில் நினைக்கத் தோன்றும், ஒடியவில்லை, அப்படித்தான் வளர்கிறது. தன் மகரந்தத்தாள் வட்டத்துக்கு வெளியே சூல்முடியைத் தள்ளி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

இதழ். லில்லியில் ஆறும் சேர்ந்து குழலாகி, வாயில் மட்டும் விரியும். செங்காந்தளில் ஆறும் பின்பக்கம் மடங்கி மேலே தூக்கி நிற்கும், ஓரம் நெளிநெளியாக இருக்கும். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சள் நுனியில் சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. அதனால் ஒரே கொடியில் மூன்று நிறம் இருந்தால் மூன்று வகை என்று எழுதிவிடாதீர்கள், வயதுதான் வேறு. வாசனை செங்காந்தளில் கிடையாது. வண்ணத்துப்பூச்சியையும் தேன்சிட்டையும் நிறத்தால் கூப்பிடுகிறது. வெள்ளை நிறம், நீளக் குழல், மாலையில் கூடும் மணம் என்ற லில்லியின் ஏற்பாடு நீளநாக்கு அந்துப்பூச்சிக்கு ஏற்றது.

இலைநுனி. செங்காந்தளில் இலையே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். லில்லியில் கிடையாது. ஆனால் இதை மட்டும் வைத்துக் குடும்பம் பிரிக்காதீர்கள். இமயமலையில் பிரிட்டில்லாரியா என்று ஒன்று, அசல் லிலியேசி, அதற்கும் இலைநுனி சுருளும்.

கடைசியில் காய். எனக்கு இதுதான் பிடித்த அடையாளம். முற்றிய லில்லிக் காய் வானம் பார்த்து நிமிர்ந்து நின்று ஒவ்வொரு அறையின் நடுமுதுகில் பிளக்கும். உள்ளே காகிதத் துண்டுபோல் தட்டை விதைகள், ஒரு அறைக்கு இரண்டு அடுக்காக, காசு அடுக்கி வைத்த மாதிரி. காற்று அசைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்கும். செங்காந்தள் காய் அறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்புச் சுவர் வழியாகப் பிளந்து விரியும். உருண்டை விதை செக்கச்செவேலென்று காய்த்தோலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மஞ்சளாற்றங்கரை எழுதியது:
இது போதும் மேடம், உறவு விஷயம் தெளிந்தது. இரண்டாவது கேள்வி?

மேல்மலை_தோட்டம் எழுதியது:
லில்லி பக்கம் நான் சொல்கிறேன். முதலில் ஒரு கட்டுப்பாடு. காட்டிலிருந்து குமிழைத் தோண்டி எடுக்க வேண்டாம். காப்புக்காட்டில் தோண்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், கொடைக்கானல் காடுகள் 2013இலிருந்து வனவிலங்குச் சரணாலயமும் கூட. சட்டத்தை விடுங்கள், தோண்டினாலும் பாதி நேரம் கிடைக்காது. தண்டு மண்ணுக்குள் கொஞ்ச தூரம் படுத்து ஓடித்தான் வெளியே தலை காட்டும். செடிக்கு நேர் கீழே மண்வெட்டி போட்டால் குமிழ் அங்கே இருக்காது, தண்டுதான் அறுபடும். கீழே சொல்வதெல்லாம் நாற்றுப்பண்ணையில் கிடைக்கும் வெள்ளைக் குழல் லில்லிக்கு, அதாவது ஈஸ்டர் லில்லி வகைக்கு.

குமிழுக்கு மேல்தோல் கிடையாது. வெங்காயத்துக்கு இருக்கும் காய்ந்த சட்டை இதற்கு இல்லை, செதில் செதிலாகத் திறந்தே இருக்கும். வெளியில் வைத்தால் வாரத்தில் சுருங்கிவிடும். வாங்கியதும் ஈரமான தென்னைநார்க் கழிவில் புதைத்து வையுங்கள்.

நடும் ஆழத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். குமிழின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு மண் மேலே வேண்டும், 10 முதல் 15 செ.மீ. குமிழுக்கு மேலே தண்டிலிருந்தும் வேர் விடும், செடிக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அந்த வேர்தான். மேலாக நட்டால் தண்டு வேருக்கு மண் இருக்காது, செடி சாயும், மொட்டு சிறுக்கும். தொட்டி என்றால் 30 செ.மீ. ஆழம். செம்மண், இலைமக்கு, ஆற்றுமணல் சம பங்கு. நார்க் கழிவு சேர்த்தால் மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி உப்பை எடுங்கள். கழுவாமல் போட்டால் இலைநுனி கருகும், நோய் என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டே இருப்பீர்கள்.

பெருக்குவதற்குச் செதில். உறுதியான குமிழின் வெளிச்செதில் நாலைந்தை அடியோடு ஒடித்தெடுங்கள், அடித்தட்டின் துணுக்கு ஒட்டியிருந்தால் நல்லது. ஒரு லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து அரைமணி நேரம் போட்டு, நிழலில் நீர் வடிய விட்டு, பிளாஸ்டிக் பையில் ஈர நார்க் கழிவோடு கலந்து கட்டி இருட்டில் வையுங்கள். ஈரம் என்றால், கையில் பிழிந்தால் துளி விழக்கூடாது. அங்கேதான் அழுகல் ஆரம்பிக்கும். 20 முதல் 25 டிகிரியில் 6 முதல் 8 வாரத்தில் செதிலின் அடியில் பட்டாணி அளவு குமிழ் ஒன்றோ இரண்டோ கட்டும். கொடைக்கானல் வீட்டுக்குள் குளிர் என்பதால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும், பொறுங்கள். பூ பார்க்க இரண்டு மூன்று வருடம்.

கீழே இறக்கலாமா என்றால், வேண்டாம். பகல் 30 டிகிரிக்கு மேல் ஏறினால் தண்டு குட்டையாகும், மொட்டு மஞ்சளாகி உதிரும்.

இங்கே மேலே எதிரி மூடுபனி. இலை நாள் முழுக்க ஈரமாக இருந்தால் நீர்க்கோத்த புள்ளி விழுந்து பழுப்பாகப் பரவும், அது போட்ரைடிஸ் என்ற பூஞ்சை நோய். தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், இடைவெளி விடுங்கள், பழுத்த இலையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். அசுவினியை அசட்டையாக விடக்கூடாது, வைரஸைக் கொண்டு வருவது அதுதான். இலையில் வெளிர்கோடு விழுந்த செடியைக் காப்பாற்றப் பார்க்காமல் பிடுங்கி எறியுங்கள்.

மூலனூர்_பந்தல் எழுதியது:
சரி, உறவு விஷயத்தில் நான் தோற்றேன். ஸ்மைலாக்ஸ் கணக்கு நல்ல அடி. ஆனால் மேல்மலை அண்ணன் சொன்ன எதையும் கண்வலிக்கிழங்குக்குச் செய்துவிடாதீர்கள், எல்லாமே தலைகீழ்.

கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கையாக இருக்கும். அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்ற பெயர். முளை ஒவ்வொரு கையின் கூர் நுனியிலும் ஒன்றே ஒன்று. வேறெங்கும் கண் கிடையாது. உருளைக்கிழங்கைப்போல் வெட்டி நடலாம் என்று துண்டு போட்டவர்கள் எல்லாம் வெறும் மண்ணைத்தான் பார்த்தார்கள். இரண்டு கையும் சேரும் மூட்டில் பிரித்து, இரண்டு நுனியும் சேதமில்லாமல் இருந்தால் இரண்டு விதைக்கிழங்கு. நுனி உரசினால் அந்த வருடம் அது அவ்வளவுதான். எடுக்கும்போதும் ஏற்றி இறக்கும்போதும் சாக்கில் கொட்டாமல் மணல் போட்டு அடுக்குவது அதற்குத்தான்.

ஒரு கிழங்கு 50 முதல் 60 கிராம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் கொடி ஏறும், பூ வராது. ஏக்கருக்கு சுமார் 800 கிலோ கிழங்கு பிடிக்கும், முதலீட்டில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. எடுத்ததும் இரண்டு மூன்று மாதம் உறக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ஈரம் ஆகாது, காய்ந்த மணலில் நிழலில் கிடக்க வேண்டும். லில்லிக் குமிழுக்கு ஈரம், இதற்கு வறட்சி. மாற்றிச் செய்தால் ஒன்று காயும், மற்றது அழுகும்.

நடவு ஆனி, ஆடி. செம்மண் அல்லது மணல் கலந்த வண்டல், அமிலகாரத் தன்மை 6 முதல் 7. களிமண்ணில் வைத்தால் கார்த்திகை மழையில் அழுகும். கார்பென்டசிம் 0.1 சதவீதக் கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்து, 6 முதல் 8 செ.மீ. ஆழத்தில் படுக்கப் போட்டு மூடுங்கள். நிமிர்த்தி நடாதீர்கள். தண்ணீர் நின்றால் அடியழுகல், பார் எடுத்து நடுவது அதற்காக.

முளைத்ததும் தளிர் மிருதுவாக, கண்ணாடி மாதிரி ஒடியும். களைக்கொத்தி பட்டால் மறுதளிர் வருவது அபூர்வம், அதனால் செடியை ஒட்டிக் கையால்தான் களை எடுக்க வேண்டும். பற்றுக்கம்பி இலைநுனி என்பதால் தடித்த மூங்கிலைச் சுற்ற முடியாது. மெல்லிய குச்சி வேண்டும். முள்கிளுவை, விராலி மிலாரைக் குத்தி வைப்பது வழக்கம், இப்போது பலர் கம்பிப் பந்தலுக்கு மாறிவிட்டார்கள்.

பூ வந்ததும் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். சோலைப்பூ அக்கா சொன்ன அந்த மடங்கிய சூல்தண்டு இருக்கிறதே, செடிக்கு அது நல்லது, விவசாயிக்கு அதுதான் செலவு. தானாகப் பிடிக்கும் காய் குறைவு. காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள், ஒரு கொடியின் மகரந்தத்தை வேறொரு கொடியின் பூவில், பக்கவாட்டில் நீட்டி நிற்கும் மூன்று பிளவின் நுனியில் தூரிகையால் தொட வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் லில்லி மாதிரி நினைத்துப் பூவின் நடுவில் தடவிவிட்டுப் போவார்கள். அங்கே சூல்முடியே இல்லை. மறுவாரம் பார்த்தால் வெறும் காம்பு. மழை பெய்து மகரந்தம் நனைந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துவதுதான் சரி.

நட்டு 160 முதல் 180 நாளில் காய் நிறம் மாறித் தோல் சுருங்கும். பறித்து நிழலில் 10 நாள் போல உலர்த்தி, பிளந்த பிறகு விதையைப் பிரித்து மறுபடி உலர்த்த வேண்டும். ஏக்கருக்குச் சராசரியாக 80 முதல் 100 கிலோ விதை. நல்ல வயல் அதற்கு மேலும் கொடுக்கும், மழை கெடுத்த வயல் விதைக்கிழங்குக் காசைக்கூடக் கொடுக்காது.

புதுச்செடி எழுதியது:
அண்ணே, கொடைக்கானலில் தொட்டியில் ஒரு செங்காந்தள் வைத்தால் வருமா? விதையிலிருந்து தொடங்கலாமா?

மூலனூர்_பந்தல் எழுதியது:
விதை வேண்டாம் தம்பி. முளைக்கவே சில மாதம் எடுக்கும், பூ பார்க்க மூன்று நான்கு வருடம். கிழங்காக வாங்கு. மேலே வைத்தால் நடவு மாதம் மாறும். ஆடியில் உங்கள் மண் குளிர்ந்து நனைந்து கிடக்கும், முளை வருமுன் கிழங்கு புளிக்கும். சித்திரை, வைகாசிச் சூட்டில் 30 செ.மீ. தொட்டியில் ஒரு கிழங்கைப் படுக்கப் போட்டு, தெற்குச் சுவர் ஓரம் வை. முளை தெரியும்வரை தண்ணீர் மிகக் குறைவு. மார்கழியில் கொடி காய்ந்ததும் தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவிடு. உறக்கத்தில் இருக்கும் கிழங்கைக் கொல்வது வெறும் குளிர் அல்ல, குளிரோடு சேர்ந்த ஈரம்தான்.

மேல்மலை_தோட்டம் எழுதியது:
ஒரு பொது எதிரியைச் சொல்ல மறந்தோம். லில்லிப் புழு, பாலிடெலா குளோரியோசே. கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி. செங்காந்தளையும் தின்னும், லில்லியையும் தின்னும், அமரிலிஸ் கூட்டத்தையும் விடாது. வகைப்பாட்டாளர்கள் மூன்றாகப் பிரித்ததைப் புழு இன்னும் படிக்கவில்லை. கூட்டமாக இலையில் தொடங்கி மொட்டுக்கும் போகும். தொட்டி என்றால் கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், வயல் என்றால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு மாலையில். கூட்டுப்புழு மண்ணில் இருக்கும், மேல்மண்ணைக் கிளறி வெயில் காட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தால் ஒன்றில் வந்தது மற்றதில் ஏறும்.

மஞ்சளாற்றங்கரை எழுதியது:
கலப்பினம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே!

சோலைப்பூ எழுதியது:
திறக்க ஒன்றும் இல்லை என்பதால்தான். லிலியத்தின் குரோமோசோம் 24, செங்காந்தளில் 22. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடக்காது, இரண்டும் பிரிந்து அவ்வளவு காலம் ஆகிவிட்டது. லில்லியின் சூல்முடியில் செங்காந்தள் மகரந்தத்தை வைத்தால் காய் சில நேரம் கொஞ்சம் வீங்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. லில்லி விதையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: நல்ல விதையில் நடுவே மெல்லிய கோடாகக் கரு தெரியும், பதரில் வெறும் காகிதம். செங்காந்தளைத் தன் குடும்பத்துச் சான்டர்சோனியா, லிட்டோனியாவோடு கலந்திருக்கிறார்கள். அதற்கே சூலை எடுத்து ஆய்வகத்தில் வளர்க்க வேண்டியிருந்தது.

ஆனால் வேறொரு வழியில் இந்த இரண்டும் சந்திக்கின்றன. கோல்சிகேசிக் குடும்பத்தின் நஞ்சான கோல்கிசின், செல் பிரியும்போது குரோமோசோமை இழுத்துப் பிரிக்கும் நூலைக் கட்டவிடாமல் தடுக்கிறது. இரட்டிப்பான குரோமோசோம் ஒரே செல்லில் தங்கிவிடும். லில்லி வளர்ப்பாளர்கள் செதிலை அந்தக் கரைசலில் ஊறவைத்து 24ஐ 48 ஆக்குகிறார்கள், பூ தடித்துப் பெரிதாகும். மகரந்தத்தால் சேராதது நஞ்சால் சேர்ந்தது. ஆய்வக வேலை அது, வீட்டில் யாரும் கிழங்கை அரைத்து முயற்சி செய்ய வேண்டாம்.

மருந்துச்சீட்டு எழுதியது:
அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். செங்காந்தளில் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கும் விதையும் மிகக் கடுமை. சர்க்கரைவள்ளி என்றோ வேறு காட்டுக்கிழங்கு என்றோ நினைத்து அவித்துத் தின்பதுதான் விபத்துகளில் அடிக்கடி பார்ப்பது. வேகவைத்தால் நஞ்சு போகாது. சில மணி நேரத்தில் வாந்தி, தண்ணீராக வயிற்றுப்போக்கு. அது அடங்கினால் தப்பித்தோம் என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று அடுத்த அடி விழும். பிழைத்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்தாக உதிரும். வேகமாகப் பிரியும் செல்களைத்தான் அது முதலில் தாக்குகிறது. நேரடி முறிமருந்து ஆஸ்பத்திரிகளில் கிடையாது. தின்ற துண்டையும் மிச்சக் கொடியையும் பையில் போட்டு உடனே எடுத்துப் போங்கள். விதை பிரிப்பவர்கள் கையுறையும் மூக்குத்துணியும் கட்டுங்கள், கைகழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

இதே நஞ்சு அளவாகக் கொடுத்தால் கவுட் வாதத்துக்கு மருந்து, தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் தயோகோல்கிகோசைடும் இந்த விதையிலிருந்துதான். மூலனூர்க்காரர் விதைக்கு விலை கிடைப்பது அதனால்.

லில்லியில் கோல்கிசின் இல்லை. மனிதருக்குப் பெரிய ஆபத்தும் இல்லை. ஆனால் வீட்டில் பூனை இருந்தால் லில்லியை உள்ளே கொண்டுவராதீர்கள். இலையைக் கடித்தாலும், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் மூன்று நாளுக்குள் பூனையின் சிறுநீரகம் நின்றுபோகும். நாய்க்கு இப்படி ஆவதில்லை. வாந்தி எடுக்கிறதா என்று காத்திருக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும்.

கோத்தகிரி_ஓடை எழுதியது:
இழையைப் படித்துவிட்டு ஒரு சந்தேகம். எங்கள் ஓடைக்கரை முழுக்க வெள்ளை லில்லி மண்டிக் கிடக்கிறது, அது நீங்கள் சொல்வதுதானா? ஒரே இதழ், புனல் மாதிரிச் சுருண்டிருக்கும். நடுவில் மஞ்சள் நிறத்தில் விரல்போல ஒன்று. இலை அம்புமுனை வடிவம், பளபளப்பு. வருடம் முழுக்கச் சேற்றிலேயே நிற்கிறது. வெண்காந்தள் என்று பெயர்ப்பலகை வைக்கலாமா என்று யோசித்தோம்.

சோலைப்பூ எழுதியது:
பலகையை நிறுத்துங்கள். அது காலா லில்லி, ஜான்டெடெஷியா. தென்னாப்பிரிக்காவிலிருந்து தோட்டத்துக்கு வந்து ஓடையில் இறங்கிவிட்டது. சேம்பு குடும்பம். நீங்கள் இதழ் என்று சொல்வது பூவே அல்ல, மடல். அந்த மஞ்சள் விரலில் ஒட்டியிருக்கும் பொடிப்பொடியான நூற்றுக்கணக்கான புள்ளிகள்தான் பூ. லில்லிக்கும் காந்தளுக்கும் உள்ள தூரத்தைவிட இது இன்னும் தூரம்.

எடுக்க நினைத்தால் இலையை அறுப்பதில் பயனில்லை. மண்ணுக்குள் சதைப்பற்றான கிழங்குத்தண்டு இருக்கிறது, துண்டு மிச்சமிருந்தாலும் தழையும். தண்ணீர் வற்றிய மாசி, பங்குனியில் முள்கரண்டி போட்டு முழுக்கத் தூக்கி, கரையிலிருந்து தள்ளி வெயிலில் காய வையுங்கள். சாறு பட்டால் அரிக்கும், கையுறை போடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு ஒருமுறை நடந்து பார்த்து, விட்டுப்போன துண்டுகளை எடுக்க வேண்டியிருக்கும்.

கோத்தகிரி_ஓடை எழுதியது:
சரி மேடம். பலகைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறேன்.